ஒரு வெள்ளி (ரிங்கிட்) கிளினிக்கா, பெக்கா பி40-ஆ?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) படுப்பவருக்கு எது உதவும்? அரசாங்க கிளினிக்கில் அடையாள அட்டையைக் காட்டினால் 1 வெள்ளி, டாக்டரும் மருந்தும் அதற்குள்ளேயே. தோட்டம் மூடி லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்த பிறகு பஸ் ஸ்டாண்டிலேயே தங்கிவிட்ட ஒரு பெரியவரோடு நான் போயிருக்கிறேன். காலில் சர்க்கரைப் புண், தினமும் கட்டு மாற்ற வரச் சொன்னார்கள், நனையாமல் இருக்க பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டார், ஒரு மழையோடு அதுவும் போச்சு.

2019-ல் வந்த பெக்கா பி40, குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு சுகாதாரத் திட்டம், வேறு மாதிரி. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இலவச உடல் பரிசோதனை, பதிவு செய்த தனியார் கிளினிக்கிலும் செய்துகொள்ளலாம். நல்லதுதான், ஆனால் அரசின் எஸ்டிஆர் உதவித்தொகைப் பட்டியலில் பெயர் இருக்கணும். (முகவரி கேட்டால் எந்தத் தூணைச் சொல்வார்?) புண்ணுக்கு அது கட்டும் போடாது.

என்னைக் கேட்டால் முதலில் 1 வெள்ளி கிளினிக். அட்டை தொலைந்திருந்தால் அதற்கும் முன்னால் அட்டை தரும் பதிவிலாகா, அங்கே அபராதம் வேறு.