குழந்தைக்குக் கம்பளி நூல் வாங்கப் போய் 5,640 ரூபாய் போச்சு, பின்னல் போடுகிறவர்கள் படித்துவிடுங்கள்

கம்பளி என்று வாங்கிய நூல் போலி என்று சனிக்கிழமை மதியம் தெரிந்தது. இன்று ஞாயிறு ராத்திரி. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்து அங்கங்கே தாறுமாறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 5,640 ரூபாய்.

என் தங்கை குன்னூரில் இருக்கிறாள். டிசம்பரில் இரண்டாவது பிரசவம், அங்கேயேதான் பார்க்கப்போகிறார்கள். அந்தக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், ஒரு குல்லா, போர்த்திவிட ஒரு போர்வை, எல்லாம் என் கையால் பின்னித் தரவேண்டும் என்று ஆசை. பள்ளியில் படிக்கும்போது பெரம்பூரில் ஒரு ஆங்கிலோ இந்திய டீச்சர் சொல்லிக்கொடுத்த வேலை இது, இருபது வருடமாக விடவில்லை. பச்சைக் குழந்தைக்கு அக்ரிலிக் என்கிற செயற்கை நூல் வேண்டாம், மெரினோ என்கிற மெல்லிய ஆட்டுக் கம்பளியில் போடலாம் என்று நினைத்தேன். வண்ணாரப்பேட்டையிலும் பாரிமுனையிலும் நான் ஏறி இறங்கிய கடைகளில் அக்ரிலிக்தான் இருந்தது.

அப்போதுதான் படமும் வீடியோவும் போடும் ஒரு செயலியில் அந்த நூல் விற்கும் பக்கம் கண்ணில் பட்டது. ஒரு பெண்ணின் கை, வெள்ளை நூல் உருண்டையை மெதுவாக அழுத்திக் காட்டும். பார்த்தாலே தொடவேண்டும் போலிருக்கும். 50 கிராம் உருண்டை 495 ரூபாய், எனக்கு 12 வேண்டும், ஆக 5,940. "பார்சல் கையில வந்ததும் பணம் கொடுக்கலாமா?" என்று கேட்டேன். பதிலுக்குக் குரல் செய்தி வந்தது. "அக்கா, நானும் பின்னுறவதான். என் பாப்பா பொறந்தப்ப இதே நூல்லதான் போட்டேன், ஒரு தடிப்புகூட வரல. நீங்க முன்பணமா கட்டினா 300 ரூபா குறைச்சுக்கறேன், உங்க தங்கச்சி பாப்பாவுக்கு என் சார்பா." பின்னால் ஒரு குழந்தை சிணுங்கும் சத்தம்கூடக் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் நான் விழுந்தேன். நம்மைப் போல ஒருத்தி, வீட்டிலிருந்து பிழைக்கிறாள் என்று மனசு இளகிப்போய் அங்கேயே பின் நம்பரைப் போட்டு 5,640 ரூபாயை அனுப்பிவிட்டேன். முகவரி கேட்கவில்லை. பில் கேட்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து, சனிக்கிழமை காலை பார்சல் வந்தது. நல்ல நாளாகத்தான் விடிந்தது. காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஆறு மணிக்கு நல்ல கடல் காற்று வரும். சூரிய நமஸ்காரம் 12 சுற்று, அப்புறம் ஸ்கிப்பிங். அப்பு (எங்கள் நாட்டு நாய், ஒன்றரை வயது) கயிற்றைக் கவ்விக்கொண்டு ஓட, அவன் பின்னால் ஓடியதே பாதி உடற்பயிற்சி. குளித்துவிட்டு, இந்த சனி ஞாயிறு முழுக்கப் பின்னல்தான் என்று ஊசியும் கையுமாக உட்கார்ந்தேன். கண்ணி ஏற்றி நாலு வரிசை போயிருக்கும், சமையலறையில் குக்கர் விசில். எழுந்து போய்த் திரும்புவதற்குள் அப்பு உருண்டையைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துப்போய் நூலை இரண்டாகக் கடித்துவிட்டான். அதில் ஒரு சாண் நூல் காணவில்லை, விழுங்கிவிட்டானோ என்று உயிரே போய்விட்டது. நல்லவேளை, ஃப்ரிட்ஜுக்குக் கீழே கிடந்தது.

அறுந்த கம்பளி நூலை முடிச்சுப் போட மாட்டோம். இரண்டு நுனியையும் பிரித்து, எச்சில் தொட்டு, உள்ளங்கையில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரே நூலாகிவிடும். தேய்த்தேன். ஒட்டவில்லை. மறுபடி தேய்த்தேன். கை சிவந்ததுதான் மிச்சம். அப்போதே வயிற்றைக் கலக்கியது.

உடனே செய்தி அனுப்பினேன். "அது சூப்பர்வாஷ் அக்கா, ஒட்டாது" என்று பதில். சூப்பர்வாஷ் கம்பளி (மெஷினில் துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்தியது) ஒட்டாது என்பது உண்மைதான், அந்த வார்த்தையைத் தெரிந்து வைத்திருக்கிறாள் பாருங்கள்! சரி என்று ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினேன். கம்பளி என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், தீயை எடுத்ததும் அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். சூப்பர்வாஷ் என்றாலும் அப்படித்தான். இது மெழுகு மாதிரி உருகிச் சொட்டி, நுனியில் கறுப்பாக ஒரு குண்டுமணி. நகத்தால் அழுத்தினால் கல் மாதிரி இருக்கிறது. இந்தச் செயற்கை நூலைத்தான் பச்சைக் குழந்தைக்குப் போட்டிருப்பேன். சமையல் தராசில் வைத்தால் எடையும் பொய், 50 கிராம் உருண்டை ஒவ்வொன்றும் 42, 43 கிராம்.

அந்தக் குண்டுமணியை வீடியோ எடுத்து அனுப்பினேன். அதற்கப்புறம்தான் அக்கா போய் 'மேடம்' வந்தது. "பார்சல் பிரிக்கிற வீடியோ இருக்கா மேடம்?" இல்லை. "அது இல்லாம எதுவும் பண்ண முடியாது மேடம்." நாய் கடித்தது ஒன்றைத்தான், மற்ற 11 உருண்டையும் லேபிள்கூடப் பிரிக்காமல் இருக்கிறது என்றேன். "நாய் வாய் வச்ச பார்சலை எப்படி மேடம் திருப்பி எடுக்கறது?" போன் செய்தால் கட் செய்தார்கள். இன்று காலை "மேனேஜர் பேசுவார்" என்று ஒரு வரி. மாலையில் என்னைத் தடுத்துவிட்டார்கள், பக்கமே எனக்குத் தெரியவில்லை. செயலியில் புகார் கொடுத்தால் விதிகளை மீறவில்லை என்று பத்தே நிமிடத்தில் பதில். வங்கியில், "நீங்களேதானே பின் போட்டு அனுப்பியிருக்கீங்க" என்கிறார்கள். ஆமாம், நான்தான் அனுப்பினேன். 5,640 ரூபாய்.

இணைய மோசடிப் புகார் எண் 1930-க்கு அழைத்துச் சொல்லிவிட்டேன், இணையத்திலும் புகார் பதிந்தாயிற்று. நாளை நுகர்வோர் உதவி எண் 1915. இணையத்தில் விற்கிறவர்கள் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைத்து, 48 மணி நேரத்தில் புகாரை ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்கவேண்டும் என்று 2020-லேயே விதி வந்தாயிற்று. இவர்கள் பார்சல் உறையில் முகவரிகூட இல்லை, ஒரு போன் நம்பர் மட்டும்.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. முகவரி, பில் இல்லாத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள். முதலில் ஒரே ஒரு உருண்டை வாங்கி எரித்துப் பாருங்கள். பார்சலைப் பிரிக்கும்போது இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். ஏமாந்தது தெரிந்த நிமிடமே 1930, என்னைப் போல ஒரு நாள் அவர்களோடு பேசிக்கொண்டிருக்காதீர்கள். நாய் வைத்திருப்பவர்கள், வாயிலோ பின்புறமோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது, குடலை அறுத்துவிடும், நேராக டாக்டரிடம் போங்கள்.

கொஞ்ச நேரத்துக்கு முன் என் வீட்டுக்காரர் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே கை, அதே வெள்ளை உருண்டை. கீழே ஒரு பெண், பேத்திக்கு எத்தனை உருண்டை தேவைப்படும் என்று கேட்டிருக்கிறார். "உங்களுக்கு மெசேஜ் பண்ணியிருக்கேன் அக்கா" என்று பதில் போட்டிருக்கிறார்கள்.