அட்டையை நம்பி 7 லட்சம் யென் விட்டேன்

ஜப்பானில் பழைய வாள் வாங்கும் யோசனை இருந்தால், கடைக்காரர் நீட்டும் பதிவு அட்டையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். நான் மயங்கினேன்.

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்தே ஒரு வாள் மேல் கண். போன வருடம் ஒரு பழம்பொருள் கடையில் ஹிசென் ததயோஷி என்று ஒன்றைக் காட்டினார்கள். அந்நாளில் ஹிசென் எனப்பட்ட நாட்டின் சாகாவில், நபேஷிமா பிரபுக்களுக்கு வாள் அடித்துக் கொடுத்த கொல்லர் பரம்பரை அது. முதல் ததயோஷி இறந்தது 1632இல்.

கைப்பிடியைக் கழற்றி, உள்ளே கொல்லர் செதுக்கிய கையெழுத்தைப் பார்க்கலாமா என்றேன். “பிடி ரொம்பப் பழசு, கழற்றினால் உடைந்துவிடும். எழுத்துதான் அட்டையிலேயே இருக்கிறதே” என்றார் கடைக்காரர். அட்டையின் தேதி 1951. பதிவு தொடங்கிய முதல் வருடம், பெரிய குடும்பங்கள்தான் முதலில் பதிந்தன, அப்படியென்றால் பெரிய வீட்டு வாள் என்று ஒரு கதையும் சொன்னார். வாங்கிவிட்டேன்.

அந்த அட்டையின் பெயர் தோரோகுஷோ. மாகாணக் கல்வி வாரியம் கொடுப்பது. அது இல்லாமல் வாளை வைத்திருப்பது குற்றம். நீளம், வளைவு, ஆணித் துளை எத்தனை, அடித்தண்டில் (பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதி) செதுக்கியிருப்பது என்ன, இவ்வளவுதான் அதில் இருக்கும். ‘ததயோஷி’ என்று செதுக்கியிருந்தால் ததயோஷி என்று எழுதிக் கொடுப்பார்கள். செதுக்கியது யார் என்பது அதில் வராது. வாள் கைமாறினால் 20 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதைத் தெரிந்துவைத்திருந்தேன், இதைத் தெரிந்துகொள்ளவில்லை.

இரண்டு மாதம் கழித்து, வாள் தீட்டுகிற பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தார். இடது கையில் பிடியைச் செங்குத்தாகப் பிடித்து, அந்த மணிக்கட்டில் வலது முஷ்டியால் இரண்டு குத்து. வாள் தானாகக் கிளம்பி மேலே வந்தது. உடையும் என்றாரே கடைக்காரர், அந்தப் பிடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடித்தண்டு பழைய தோசைக்கல் மாதிரிக் கருத்திருந்தது. (அந்தத் துருவைத் தேய்த்து எடுக்கவே கூடாது, வயதைச் சொல்வது அதுதான்.) ஆனால் எழுத்தின் பள்ளங்களுக்குள் மட்டும் செம்பழுப்பு. தண்டு கருத்த பிறகு யாரோ வெட்டிய எழுத்து. பெரியவர் வாளைத் திருப்பி, “பக்கமும் தப்பு” என்றார். வெட்டுவாய் மேலே இருக்கும்படி இடுப்பில் செருகினால், பெரும்பாலான கொல்லர்களின் கையெழுத்து வெளிப்பக்கம் நிற்கும். ஹிசென் ததயோஷி வழியினர் நீள வாளில் உடம்பை ஒட்டிய பக்கத்தில் செதுக்குவது வழக்கம். என்னுடையதில் வெளிப்பக்கம். எஃகின் மேற்பரப்பிலும், ஹிசென் வாள்களுக்கே உரிய, தவிடு தூவியது போன்ற அந்த நுண்ணிய அமைப்பு இல்லை. அதை ‘கொனுகா’ என்கிறார்கள், தவிடு என்றே பொருள்.

கையெழுத்துக்கு ஜப்பானிய மொழியில் ‘மெய்’. போலிக் கையெழுத்துக்கு ‘கிமெய்’. நம் காதுக்கு எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

கடைக்காரரிடம் போனேன். ரசீதை நீட்டச் சொன்னார். “‘வாள், மெய்: ததயோஷி’ என்றுதான் எழுதியிருக்கிறேன். ததயோஷி செய்தது என்று எங்கே எழுதினேன்?” கீழே பொடி எழுத்தில் நோ கிளைம், நோ ரிட்டர்ன்.

கேட்க வேண்டியது, டோக்கியோவின் ரியோகொகுவில் வாள் அருங்காட்சியகம் நடத்தும் என்பிடிஎச்கே என்ற வாள் பாதுகாப்புச் சங்கத்தின் சான்றிதழ். ‘ஹோசோன்’ (பாதுகாக்கத் தக்கது) என்ற தரம் அல்லது அதற்கு மேல். அதில் அடித்தண்டின் படம் இருக்கும்; கடையிலேயே பிடியைக் கழற்றச் சொல்லி, துளையையும் எழுத்தையும் படத்தோடு வைத்துப் பாருங்கள். கழற்ற மறுத்தால் வந்துவிடுங்கள். அதே சங்கம் 1982 வரை கொடுத்த பழைய சான்றிதழ்களைக் காட்டினால் அதையும் அப்படியே நம்ப வேண்டாம், அவற்றில் போலி உண்டு.

ஒரு ஆசையில் நானும் சங்கத்துக்கு அனுப்பிப் பார்த்தேன். தேறவில்லை. வாள் பழசுதான், கையெழுத்துதான் பொய், அதை அழித்துவிட்டு மறுபடி அனுப்பலாம் என்கிறார் பெரியவர். அழித்தால் கல்வி வாரியத்துக்குப் போய் அட்டையிலும் ‘கையெழுத்து இல்லை’ என்று மாற்ற வேண்டும். இன்னும் முடிவு செய்யவில்லை.