பழஞ்சீலையா, கார்மென்ட் வெட்டுத்துண்டா, கம்பளியா? மலையக வீட்டில் ஒட்டுத்துணிச் சித்திரம் தைப்பதற்கான துணித் தெரிவு

சுவரில் மாட்டுவதற்கென்று ஒட்டுத்துணிச் சித்திரம் தைக்க உட்காருபவர் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, எந்தப் பழந்துணியில் தைப்பது என்பதுதான். ஆங்கிலத்தில் குவில்ட் என்று வழங்கும் இந்தப் பொருளுக்கு மூன்று அடுக்குகள் உண்டு. மேலே சித்திரம், நடுவில் பஞ்சு அல்லது பழைய போர்வை, அடியில் ஒரு தாங்கு துணி. மூன்றையும் ஊடுருவிப் போகும் தையல் அவற்றைப் பிரியவிடாமல் பிடித்திருக்கும். எங்கள் அம்மாயிமார் இரண்டு பழைய சீலைகளை மடித்து, ஓட்டுத் தையல் போட்டு, பிள்ளைகளுக்குப் போர்த்திவிட்டதும் இதே வேலைதான். போர்வைக்கு எந்தத் துணியும் ஆகும்; சித்திரத்துக்கு ஆகாது. சுவரில் பத்து வருடம் தொங்க வேண்டியது மங்காமல், பூஞ்சணம் பிடிக்காமல், சுருங்கிக் கோணாமல் இருக்க வேண்டும்.

மலையகத்தில் காசு அதிகம் செலவழிக்காமல் கிடைக்கும் பழந்துணி மூன்று வகை: வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பருத்திச் சீலை, டவுன் கடைகளில் கிலோக் கணக்கில் விற்கும் கார்மென்ட் வெட்டுத்துண்டு, தோட்ட வேலைக்குப் பயன்பட்டு ஒதுக்கப்பட்ட கம்பளியும் உடுப்பும். நான் மஸ்கெலியாப் பக்கம் பிறந்து, இப்போது பண்டாரவளையில் வீட்டின் பின்னறையை வேலைக்கூடமாக வைத்திருப்பவள் ஆகையால், இம்மூன்றையும் இரண்டு விதமான ஈரத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கத்தை நனைக்கும்போது, பண்டாரவளை இருக்கும் ஊவாவில் காற்றும் வெயிலுமாக இருக்கும். டிசெம்பர் பிறந்தால் வடகீழ்ப் பருவமழையோடு முறை மாறிவிடும். துணித் தெரிவில் இந்த வேறுபாடு பெரிது என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன்.

சீலையிலிருந்து தொடங்குகிறேன். ஆறு யார் நீளமுள்ள சீலை முழுதும் ஒரே அளவில் தேய்வதில்லை. தரையில் உரசும் கீழ்க்கரையும், இழுத்துச் செருகும் முந்தானையும், கொசுவத்தின் மடிப்பு விளிம்புகளும் முதலில் நைந்துபோகும். இடுப்பைச் சுற்றிய உள்சுற்றுத் துணி மட்டும் வெயிலும் உரசலும் படாமல் ஏறத்தாழப் புதிதாகவே இருக்கும். யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தால் எந்த இடத்தில் நூல் மெலிந்திருக்கிறது என்பது உடனே தெரியும். தெரிந்த இடத்தை இரண்டு கைப் பெருவிரல்களாலும் குறுக்காக இழுத்துப் பார்க்க வேண்டும். கிழியும் துணி மெசினில் போகும் முன் கையில் கிழிவது நல்லது. ஒரு சீலையில் இப்படித் தேறுவது பொதுவாக மூன்று மீற்றர் அளவு என்பது என் அனுபவம்.

மூன்று மீற்றரைக் கொண்டு என்ன செய்யலாம் என்று கணக்குப் பார்ப்போம். நான்கு அங்குலச் சதுரம் வேண்டுமானால் தையலுக்குக் கால் அங்குலம் இருபக்கமும் விட்டு நாலரை அங்குலமாக வெட்ட வேண்டும். 110 சென்ரிமீற்றர் அகலத்தில் 9 சதுரம், மூன்று மீற்றர் நீளத்தில் 26 வரிசை, ஆக 234 சதுரம் கிடைக்கும். நாற்பதுக்கு நாற்பத்தெட்டு அங்குலச் சித்திரத்துக்கு 120 சதுரம் போதும். ஆனால் எங்கள் பக்கத்துப் பெட்டிகளில் அதிகமாகக் கிடப்பது வொயில் சீலை. அது மெல்லியது, அடியில் உள்ள துணியின் நிறத்தைக் காட்டிக்கொடுக்கும். மறைக்க வேண்டுமானால் இரட்டையாக வைத்துத் தைக்க வேண்டும். இரட்டையாக்கினால் 117 சதுரமே தேறும், மூன்று குறையும்.

மெல்லிய துணியை வெட்டும்போது அது வழுகி நெளியும். அதற்கு எங்கள் வீடுகளில் தெரிந்த மருந்து சோற்றுக் கஞ்சி. கஞ்சி போட்டு, நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் சற்று இருக்கும்போதே இஸ்திரிப் பெட்டி வைத்தால் வொயில் காகிதம் போல நிற்கும். சதுரங்கள் சொன்ன அளவில் வரும். ஆயினும் தைத்து முடித்த பிறகு அந்தக் கஞ்சியை அலசி நீக்கியே ஆக வேண்டும். மாவுச்சத்து வெள்ளிப்பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் தீனி. முதல் வருடம் நான் அலசாமல் சுவரில் மாட்டிய ஒன்றை, அடைமழை ஓய்ந்து திருப்பிப் பார்த்தபோது, அடித்துணியில் சாம்பல் நிறப் பொட்டுகள் பரவிக் கிடந்தன.

அலச வேண்டும் என்றால் சாயம் போகாததாகவும் இருக்க வேண்டும். வெந்நீரில் ஒரு வெள்ளைத் துணித்துண்டோடு சேர்த்து அரைமணி நேரம் ஊறவைத்து, வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறதா என்று பார்ப்பதை விட நம்பகமான சோதனை வீட்டில் இல்லை. உப்பும் வினாகிரியும் சாயத்தைக் கட்டிவைக்கும் என்று பலர் சொல்வார்கள். இன்றைய பருத்திச் சாயங்களில் அவை அந்த வேலையைச் செய்வதில்லை. ஓடும் சாயமுள்ள சிவப்புச் சீலை எவ்வளவு அழகானதாக இருந்தாலும் ஒதுக்கிவிடுவதே என் முடிவு, ஏனென்றால் அப்படியொரு சீலை பக்கத்திலிருந்த மூன்று வரிசையை இளஞ்சிவப்பாக்கியதை நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வெட்டுத்துண்டுகளின் கதை வேறு. ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாச 1992இல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கார்மென்ட் தொழிலைக் கொழும்பையும் வர்த்தக வலயங்களையும் தாண்டிக் கிராமப்புறங்களுக்குக் கொண்டுவந்தது. கத்திரி மேசையில் மிஞ்சும் துணி பைகளில் கட்டப்பட்டுக் கடைக்கு வரும். அதில் பெரும்பகுதி கால்மிதியாகவும் தலையணைக்குள் திணிப்பாகவும் போய்விடுகிறது. ஒட்டுத்துணி தைப்பவருக்கு அதிலுள்ள வசதி வெளிப்படையானது: துணி புதியது, தேய்வு இல்லை, ஒரே நிறம் ஒரு கிலோவுக்கும் கிடைக்கும், சாயம் பெரும்பாலும் ஓடாது. குறை அதன் வடிவத்தில் இருக்கிறது. சட்டைக் கைக்குழியும் கொலரும் வெட்டிய பிறகு மிஞ்சுவது வளைந்த கீற்றுகளும் கூர்முனை முக்கோணங்களுமே. நாலரை அங்குலச் சதுரம் எடுக்க முயல்பவர் அரைக் கிலோவில் கால் கிலோவைக் குப்பையில் போடுவார். கீற்றைக் கீற்றாகவே வைத்துத் தைப்பவருக்குத்தான் இந்தத் துணி ஒத்துவரும். தேயிலை மலையின் அடுக்குவரிகளைத் தைக்க வளைந்த கீற்றை விடப் பொருத்தமான துண்டு வேறு கிடைக்காது என்பது நான் கண்ட லாபம்.

இதில் இன்னொரு தொல்லை, துண்டு என்ன இழை என்று பையின் மேல் எழுதியிருக்காது. டவுன் கடையொன்றில் சுத்தப் பருத்தி என்று சொல்லித் தந்த நீலத் துண்டுகள் இஸ்திரிப் பெட்டியின் அடியில் பாகு போல ஒட்டிக்கொண்டன. அதன் பிறகு ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து மெழுகுதிரியில் காட்டாமல் நான் எதையும் தைப்பதில்லை. பருத்தி கடதாசி போல் எரிந்து, விரலால் தொட்டால் தூளாகும் சாம்பலைத் தரும். பொலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கறுத்த கடினமான மணியாக நிற்கும். கம்பளி முடி கருகும் நாற்றம் தரும். எரியவும் செய்து மணியும் விட்டால் அது கலப்பு. சட்டைத் துணிகளில் 65க்கு 35 என்ற பொலியெஸ்டர் பருத்திக் கலப்பு மிகச் சாதாரணம். பருத்திக்கு இஸ்திரிப் பெட்டியில் மூன்று புள்ளிச் சூடு, அதாவது 200 பாகை வரை ஆகும். பொலியெஸ்டருக்கும் கலப்புக்கும் இரண்டு புள்ளி, 150 பாகைக்கு மேல் போகக்கூடாது. பனியன் துணி வந்தால் அது வேறு பிரச்சினை: இழுபடும். கொலருக்குள் வைக்கும் பசைத்துணியை அடியில் ஒட்டி, முனை மழுங்கிய ஊசி போட்டாலொழிய வரிசை நெளிந்துவிடும். நான் பனியன் துணியை எடுப்பதேயில்லை.

இரண்டையும் ஒரே மெசினில் வைத்துப் பார்த்தால், காலால் மிதிக்கும் பழைய சிங்கரில் வொயிலுக்கு 11ஆம் இலக்க ஊசி, சட்டைத் துணிக்கு 14 என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இடப்பக்கம் சீலையும் வலப்பக்கம் சட்டைத் துணியான பொப்ளினுமாக ஒரே தையலில் சேர்த்தால், கனமான துணி மெல்லியதை இழுத்து, இரண்டு வருடத்தில் தையல் ஓரமாகவே சீலை விட்டுப்போகும். கை வேலையில் நிலைமை தலைகீழ். பலமுறை துவைத்து மென்மையான சீலைக்குள் ஊசி எண்ணெயில் போவது போல் போகும். நெருக்கமான நெசவுள்ள கலப்புத் துணி விரலை நோகடிக்கும். வங்காளத்துப் பெண்கள் பழைய சீலைகளைப் பஞ்சே இல்லாமல் அடுக்கி, ஓட்டுத் தையலாலேயே காந்தா தைப்பது இந்த மென்மையை நம்பித்தான். கையால் தைப்பவர் மேற்கொண்டு யோசிக்காமல் சீலையை எடுக்கலாம்.

ஈரத்தில் முடிவு அவ்வளவு எளிதாக வரவில்லை. பருத்தி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பூஞ்சணத்துக்குத் தானே உணவாகவும் ஆகும். பொலியெஸ்டர் இழை உணவாவதில்லை. அதன் மேல் படிந்த அழுக்கில்தான் பூஞ்சணம் பிடிக்கும். ஆடி மாதத்து மஸ்கெலியாவில் அலசிய பருத்திச் சித்திரம் இஸ்தோப்பில் நான்கு நாள் தொங்கியும் காயவில்லை. அடுப்பு மேலே கொடி கட்டிக் காயவைத்தால் புகை நாற்றம் ஏறிவிடும். அதே வாரம் கலப்புத் துணியில் தைத்தது மறுநாளே காய்ந்தது. வெயிலில் நிறம் மங்காமல் நிற்பதிலும் பொலியெஸ்டரின் கை ஓங்கியிருக்கிறது. ஆகவே மேற்குச் சரிவில், லயத்துக் காம்பராவின், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையின், ஈரச் சுவரில் மாட்டப் போகும் சித்திரத்துக்குச் சீலையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இதை எழுதுவதில் எனக்குச் சற்று மனவருத்தம் உண்டு, ஏனென்றால் அந்தக் காம்பராவில் உடுத்திய சீலைகளைத்தான் நான் தைக்க ஆசைப்பட்டுத் தொடங்கினேன்.

மூன்றாவது போட்டியாளரான கம்பளியும் வேலை உடுப்பும் உணர்ச்சியில் மற்ற இரண்டையும் வென்றுவிடும். மழையில் தலையில் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கம்பளி கோப்பிக் காலத்திலிருந்தே தோட்டத்துக் கணக்குகளில் வந்த பொருள். வேலை உடுப்பில் உயர்ந்த கலை செய்ய முடியும் என்பதற்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் ஊரின் கறுப்பினப் பெண்கள் சாட்சி. அங்கே மிசூரி பெட்வே 1942இல், இறந்துபோன தன் கணவரின் வேலை உடுப்புகளை வெட்டித் தைத்த குவில்ட் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அந்த உடுப்புகள் முரட்டுப் பருத்தி. எங்கள் கம்பளியோ தடிப்பானது, துவைத்தால் சுருங்கித் திரளும், அந்துப்பூச்சியை அழைக்கும், மூன்று அடுக்கில் வைத்தால் வீட்டு மெசின் ஊசியை முறிக்கும். கொழுந்துக் கறை படிந்த சட்டைகளில் கை மடிப்பும் முதுகுமே தேறுகின்றன. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் என் மேசையைப் பார்த்துவிட்டு, “கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்னாங்க தங்கச்சி, கிழிச்சுத் தைக்கச் சொல்லலையே” என்றார். கசக்கிப் பார்த்ததில் பாதிக் கந்தை தண்ணீரோடே போய்விட்டது.

ஆயினும் கம்பளியை எறிய வேண்டாம். அதைச் சுவரில் இறுக விரித்து ஆணியடித்துவிட்டால், வெட்டிய பருத்தித் துண்டுகள் குண்டூசி இல்லாமலே அதன் மயிரில் ஒட்டி நிற்கும். தள்ளி நின்று பார்த்து, எடுத்து மாற்றி வைத்து, ஒரு வாரம் அப்படியே விட்டுப் பிறகு தைக்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் தரையில் பரப்பிப் பார்க்க இடமில்லாதவருக்கு இதை விட நல்ல சித்திரப் பலகை கிடையாது.

தேயிலைச் சாயம் பற்றியும் கேட்பார்கள். வெள்ளைத் துணியைத் தேத்தண்ணீரில் தோய்த்துப் பழுப்பாக்கினால் மலையகத்துக்குரிய நிறம் வரும் என்பது சுற்றுலாப் பயணிகளுக்கு விற்க உதவும் எண்ணம். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இழையை நாளடைவில் பலவீனப்படுத்தும். இரும்புச் சத்துள்ள தண்ணீரோ துருப்பிடித்த வாளியோ சேர்ந்தால் நிறம் கறுத்து, துணி இன்னும் வேகமாக உளுத்துப்போகும். பழுப்பு வேண்டுமென்றால் பழுப்புத் துணியையே தேடுகிறேன்.

நடு அடுக்குக்கு இலவம்பஞ்சு வேண்டாம், அது ஒரு மூலையில் போய்க் குவியும். பண்டாரவளையில் பழைய பருத்திப் படுக்கை விரிப்பும், மேற்குச் சரிவில் மெல்லிய பொலியெஸ்டர் பஞ்சுத் தகடும் போதும்.

இப்போது என் கம்பளிச் சுவரில் நிற்பது அம்மாவின் நீல வொயில் சீலை, இரட்டையாக. கணக்கின்படியே மூன்று சதுரம் குறைந்தது. அவற்றைக் கார்மென்ட் பொப்ளினில் வெட்டி, அடியில் வொயில் துண்டு கொடுத்து, பக்கத்துச் சதுரங்களோடு மெசினில் சேர்க்காமல் கையால் தைத்து வைத்திருக்கிறேன். நிறம் ஒன்றுதான், பொப்ளினுக்கு மினுக்கம் கொஞ்சம் அதிகம், காலை வெயில் விழும்போது அந்த மூன்றும் தனியே தெரிகின்றன.