ஆங்கில வகுப்புக்கு எது நிலைக்கும்: காணொலிப் பாடமா, வினாடி வினாவா, ஒலிப்பதிவா?

அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நான், கடந்த மூன்று கல்வியாண்டுகளில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மூன்று வகைக் கருவிகளை வகுப்பறைக்குள் கொண்டுவந்து பார்த்திருக்கிறேன். ஒன்று, பாடநூலில் அச்சிடப்பட்ட கியூஆர் குறியீட்டின் வழியே தீக்‌ஷா தளத்திலும், கல்வித் தொலைக்காட்சியின் யூடியூப் பக்கத்திலும் கிடைக்கும் காணொலிப் பாடங்கள். இரண்டாவது, கஹூட் போன்ற வினாடி வினாத் தளங்கள். மூன்றாவது, பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’, பிரிட்டிஷ் கவுன்சிலின் ‘லேர்ன் இங்கிலீஷ் டீன்ஸ்’ ஆகியவற்றில் எழுத்துப்படியோடு கிடைக்கும் ஒலிப்பதிவுகள். நான் இப்போது நிலையாகப் பயன்படுத்துவது மூன்றாவதைத்தான்.

காணொலிப் பாடங்களின் பயன் எல்லோருக்கும் தெரிந்ததே. பாடநூலை ஒட்டியே செல்வதால், விடுப்பு எடுத்த மாணவரும் தேர்வுக்கு முன் மீள்பார்வை செய்பவரும் வீட்டிலிருந்தே பயனடைகிறார்கள். ஆனால் நான் பார்த்த காணொலிகளில் பெரும்பாலானவை பாடத்தின் பொருளைத் தமிழில் விளக்கி வினா விடைக்குச் செல்பவை. அதாவது, வகுப்பில் நான் ஏற்கெனவே செய்வதையே இன்னொரு முறை செய்பவை. எங்கள் மாணவர்களுக்கு இல்லாதது பொருள் விளக்கம் அன்று. இயல்பான வேகத்தில் பேசப்படும் ஆங்கிலத்தைக் காதால் கேட்கும் வாய்ப்பு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் 100 மதிப்பெண்களும் எழுத்துத் தேர்வுக்கே உரியவை என்பதால், கேட்டல் திறன் பாடவேளையில் கடைசி இடத்துக்குப் போய்விடுகிறது.

வினாடி வினாவுக்கு வகுப்பில் கிடைக்கும் உற்சாகம் வேறெதற்கும் கிடைப்பதில்லை. ஒரு மதிப்பெண் வினாக்களான இணைச்சொல், எதிர்ச்சொல் பயிற்சிக்கு அது நன்றாகவே உதவுகிறது. ஆயினும் விரைந்து விடை அழுத்துபவருக்குக் கூடுதல் புள்ளி என்னும் விதியால், எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவர் வினாவைப் படித்து முடிக்கும் முன்பே ஊகித்து அழுத்திவிடுகிறார். எங்கள் ஆய்வகத்தில் உள்ள பத்துக் கணினிகளில் 38 பேரை அமர்த்தியபோது, நால்வர் குழுவில் ஒருவர் மட்டுமே விளையாடினார், மற்ற மூவர் வேடிக்கை பார்த்தனர். ஒரு பருவம் மட்டுமே இதைப் பயன்படுத்தினேன் என்பதால், ஒவ்வொருவர் கையிலும் கருவி உள்ள பள்ளிகளில் விளைவு வேறாக இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒலிப்பதிவின் அமைப்பே வகுப்பறைக்கு ஏற்றதாக இருக்கிறது. ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ நிகழ்ச்சியில் இருவர் ஒரு பொருளைப் பற்றி உரையாடுகிறார்கள். தொடக்கத்தில் மூன்று விடைகளோடு ஒரு வினாவைக் கேட்டு, அதன் விடையை இறுதியில்தான் சொல்கிறார்கள். இடையில் வரும் ஆறு சொற்களை முடிவில் மீண்டும் நினைவூட்டுகிறார்கள். மாணவர்கள் தம் விடையை முதலில் நோட்டில் எழுதிவைக்கச் சொல்வேன். சரியா தவறா என்று அறியும் ஆவலிலேயே ஆறு நிமிடமும் காது கொடுத்துக் கேட்கிறார்கள். முதல் முறை முழுவதும்; இரண்டாம் முறை ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் நான்கைந்து தடவை ஒலிக்கவிட்டு, கேட்டதைக் கேட்டபடியே எழுதச் சொல்வது; கடைசியாக எழுத்துப்படியைக் கொடுத்து ஒப்பிடச் செய்வது.

இப்படி ஒரு நாள் ‘வாட் ஆர் யூ கோயிங் டு டூ’ என்ற வாக்கியத்தை ஒலிக்கவிட்டபோது, நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி முதல் சொல்லாக ‘வாட்டர்’ என்று எழுதியிருந்தாள். எழுத்துப்படியைப் பார்த்தவுடன், “மிஸ், இது எல்லாமே எனக்குத் தெரிஞ்ச வார்த்தைதான்” என்றாள். தெரிந்த சொற்கள் பேச்சில் ஒட்டிக்கொண்டு ஒலிக்கும்போது தெரியாத ஒன்றாகிவிடுகின்றன என்பதை நான் எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருந்தாலும் அவளுக்கு அது விளங்கியிருக்காது. அன்றைக்கு அந்த வாக்கியத்தை அவர்களாகவே மீண்டும் மீண்டும் ஒலிக்கவிடக் கேட்டார்கள்.

இருந்தும், நான் ஒலிப்பதிவின் பக்கம் வந்து சேர்ந்ததற்கு முதன்மைக் காரணம் பராமரிப்புதான். இணையக் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது அது இன்று எப்படி இயங்குகிறது என்று பார்க்கிறோம். அடுத்த ஆண்டு அதே உழைப்பு நமக்கு மிஞ்சுமா என்று பார்ப்பதில்லை. வினாடி வினாவுக்காக ஒரு தளத்தில் நான் பல மாலைகள் அமர்ந்து உருவாக்கிய வினாத்தொகுப்புகளில் பாதி, அடுத்த ஆண்டு இலவசக் கணக்கின் வரம்புகள் மாறியபோது பயன்படாமல் போயின. காணொலியோ ஒவ்வொரு முறையும் இணையத்தை எதிர்பார்க்கிறது. இணைப்பு வரும், பிறகு படம் சுழலும், நாற்பது நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடம் அதற்கே போய்விடும். தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம் என்றாலும் கோப்புகள் பெரியவை.

ஆறு நிமிட ஒலிக்கோப்பு ஐந்தாறு எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. அதை ஒரு முறை தரவிறக்கி, எழுத்துப்படியோடும் நானே தயாரித்த பயிற்சித்தாளோடும் ஒரே கோப்புறையில் இட்டுப் பென் டிரைவில் வைத்துவிட்டால், கடவுச்சொல் வேண்டாம், இணையம் வேண்டாம், ஆய்வகத்தின் சாவிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பென் டிரைவைச் செருகக்கூடிய சிறிய ஸ்பீக்கர் ஒன்று போதும். முதல் ஆண்டில் செய்த 14 பயிற்சித்தாள்களையும் மூன்றாம் ஆண்டிலும் பயன்படுத்துகிறேன். கடினமாக இருந்த வினாக்களை மாற்றியும் புதியவற்றைச் சேர்த்தும் அவை ஆண்டுக்காண்டு மேம்பட்டுக்கொண்டே வருகின்றன. பக்கத்து ஊர்ப் பள்ளியின் ஆங்கில ஆசிரியைக்கு முழுத் தொகுப்பையும் படியெடுத்துக் கொடுக்க இரண்டு நிமிடம்தான் ஆயிற்று.

குறைகளும் இருக்கின்றன. பிபிசி ஒலிப்பதிவுகள் மெல்லக் கற்போருக்குக் கடினம். அவர்களுக்கு, தொடக்க நிலையான ஏ1 முதல் நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டுள்ள ‘லேர்ன் இங்கிலீஷ் டீன்ஸ்’ பகுதிகளையே தேர்ந்தெடுக்கிறேன். பாடநூலோடு நேரடித் தொடர்பு இல்லாததும் ஒரு குறை. பத்தாம் வகுப்பில் நாடகமாக இடம்பெற்ற ஷெர்லாக் ஹோம்ஸ் கதைக்கு மட்டும், தன்னார்வலர்கள் பழைய நூல்களை வாசித்துப் பதிவுசெய்யும் லிப்ரிவாக்ஸ் தளத்தில் மூலக்கதையின் ஒலிவடிவத்தை எடுத்து இரண்டு நிமிடப் பகுதியை ஒலிக்கவிட்டேன். நூறாண்டுக்கு முந்தைய நீண்ட வாக்கியங்கள் அவர்களுக்குக் கடினமாகவே இருந்தன. ஆனாலும் நாடகத்தில் உரையாடலாக வந்தது கதையில் ஹோம்ஸின் நண்பர் வாட்சனின் வாய்மொழியாக வருவதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

இம்முயற்சியால் பொதுத்தேர்வு மதிப்பெண் கூடியது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. மேல்நிலை வகுப்புகளுக்குக் கற்பித்த அனுபவமும் எனக்கு இல்லை. மதிப்பெண் மட்டுமே உடனடித் தேவை என்றால், ஜனவரிக்குப் பிறகு காணொலிப் பாடங்களையே பரிந்துரைப்பேன். நானும் அந்த மாதங்களில் அவற்றின் இணைப்புகளைத்தான் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புகிறேன். ஜூன் முதல் டிசம்பர் வரை வாரத்தில் ஒரு பாடவேளை ஒலிப்பதிவுக்கு உரியது.