குமரிக் கடலில் மின்சாரம்: நீரோட்டமா, அலையா, காற்றா?

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கன்னியாகுமரியிலிருந்து அடிக்கடி ஒரு செய்தி வரும்: கடல் நீர்மட்டம் தாழ்ந்ததால் விவேகானந்தர் பாறைக்குப் படகு இல்லை. அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு ஏற்றவற்றம் இருக்கிறதே, கடலுக்கடியில் டர்பைன் போட்டு மின்சாரம் எடுக்கலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

கடலடி டர்பைன் என்பது தண்ணீருக்குள் நிற்கும் காற்றாலைதான். கடல்நீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தியானது, அதனால் சிறிய இறக்கையே போதும். ஏற்றவற்ற நீரோட்டம் நிலவை நம்பி ஓடுவதால் எந்த நாளில் எத்தனை மணிக்கு எவ்வளவு மின்சாரம் என்று வருடக்கணக்கில் முன்கூட்டியே சொல்லிவிடலாம். காற்றை அப்படிச் சொல்ல முடியாது. ஸ்காட்லாந்தின் வட முனையில் பென்ட்லாண்ட் ஜலசந்தியில் மேஜென் திட்டம் 1.5 மெகாவாட் டர்பைன்கள் நான்கை இறக்கி இதைச் செய்து காட்டியது.

ஆனால் எல்லாமே வேகத்தில்தான் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. வேகம் குறைந்தாலும் அதே கணக்கில் சரியும். நொடிக்கு 3 மீட்டர் ஓடும் கடல்நீர், ஒரு சதுர மீட்டரில் சுமார் 13,800 வாட் சுமந்து வரும். அரை மீட்டர் வேகத்தில் அது வெறும் 64 வாட், பழைய குண்டு பல்பு ஒன்றுக்கான அளவு. அதிலும் இறக்கைக்குச் சிக்குவது பாதிகூட இல்லை.

பென்ட்லாண்டில் இரண்டு கரைகளுக்கு நடுவே தண்ணீர் நெருக்கிப் பாய்கிறது. குஜராத்தின் காம்பே வளைகுடா புனல் மாதிரி குறுகுவதால், அங்கே ஏற்றவற்றம் 10 மீட்டர் வரை போகும். குமரியில் ஒரு மீட்டர்கூட இல்லை, அதனால் நீரை வேகமாகத் தள்ள வலுவும் இல்லை. படகு நின்றுபோவது துறையில் ஆழம் கொஞ்சம் குறைவதால்தான். நம் கடற்கரையில் மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம், நிலவைவிடப் பருவக்காற்றுக்குத்தான் அதிகம் கட்டுப்பட்டது. ஆக, முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற அந்த ஒரு பெரிய வசதியும் இங்கே போய்விடுகிறது. போதாததற்கு, பாறை நெருக்கிய இடமாகத் தேடிப் போனால் அது மீன் கூடும் பாராகத்தான் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்கும். அங்கே டர்பைனை இறக்கிவிட்டு வலைகாரரை விலகிப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலே சாட்சி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று நொடிக்கு 12 மீட்டர் வீசும்போது கிடைக்கும் சக்தியைத் தண்ணீரில் எடுக்க, நீவாடு 1.25 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். பழுது பார்க்க லாரியில் போய்விடலாம், கப்பலும் முக்குளிப்பவரும் வேண்டாம். வைகாசி முதல் புரட்டாசி வரைதான் கொண்டாட்டம் என்பது அதன் குறை.

அலைக்கும் அதே குறை உண்டு, ஆனி ஆடியில்தான் அது உச்சம். இருந்தாலும் நம் கடலுக்குப் பொருந்துவது அலைதான் என்பேன். களியக்காவிளை தாண்டி விழிஞ்ஞத்தில் 1991இலேயே சென்னை ஐஐடியின் முயற்சியில் 150 கிலோவாட் அலை மின்நிலையம் வந்தது. அடிப்பக்கம் கடலுக்குத் திறந்த கான்கிரீட் அறை. அலை ஏறும்போது உள்ளே இருக்கும் காற்றை மேலே நெட்டித் தள்ளும், இறங்கும்போது திரும்ப இழுக்கும். போகும்போதும் வரும்போதும் அந்தக் காற்று டர்பைனை ஒரே திசையில் சுற்றும். இன்று அது இயங்கவில்லை. தனியாகக் கடலில் கட்டி, உப்பையும் அலையையும் தாங்க வைப்பது பெரிய செலவு.

ஸ்பெயினின் முத்ரிக்கு துறைமுகத்தில் 2011இல் வேறு வழி கண்டார்கள். எப்படியும் கட்டவேண்டியிருந்த அலைத்தடுப்புச் சுவருக்குள்ளேயே அறைகளை வைத்து 16 சிறு டர்பைன்கள், மொத்தம் 296 கிலோவாட். துறைமுக விளக்குக்கும் ஐஸ் ஆலைக்கும் உதவுகிற அளவுதான், ஆனால் கடலில் ஒரு முழம் இடத்தைக்கூடக் கூடுதலாகப் பிடிக்கவில்லை. நம் மாவட்டத்தில் கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கற்சுவர்) கேட்கும் ஊர்கள் எத்தனை! ஆழம் தோதான ஏதாவது ஓர் ஊரில், அடுத்த வளைவின் வரைபடத்திலேயே இப்படி ஓர் அறையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கல்லைக் கொட்டி முடித்த பிறகு உள்ளே அறை வைக்க முடியாது.