ஆரல்வாய்மொழிக் காற்றில் மூன்று வருடம், 12 கொடிகள்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தேசியக்கொடி ஏறி மூன்று வருடம் முடிந்துவிட்டது. முதல் கொடி ஏறியது 2022 ஆகஸ்ட் 13. இந்த 2025 செப்டம்பர் வரை மொத்தம் 12 கொடிகள். இதில் முதல் ஏழு கொடிகள் பதின்மூன்றே மாதத்தில் போய்விட்டன. அடுத்த இரண்டு வருடத்துக்கு ஐந்து கொடிகள்தான் தேவைப்பட்டன. அந்த ஐந்தில் இரண்டு இப்போதும் பயன்பாட்டில் இருக்கின்றன. நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் எழுதப்போகிறேன். வீட்டில் கொடி ஏற்றி, அது நாலு நாளில் நார் நாராகப் போவதைப் பார்த்து மனம் கஷ்டப்பட்டவர்களுக்கு இது உதவும்.

முதலில் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆரல்வாய்மொழி கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கணவாய் ஊர். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கு இடையே நெருக்கிக்கொண்டு மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும். முப்பந்தல் காற்றாலைகள் இங்கே வந்ததற்குக் காரணமே அதுதான். ஊரில் இருக்கும் மலைக்கே காற்றாடிமலை என்று பெயர். நான் பார்ப்பதும் காற்றாலைப் பராமரிப்பு வேலைதான். 'காற்று சீசன்' என்றால் எங்களுக்கு லீவு கிடைக்காத மாதங்கள். ஆகஸ்ட் 15 வருவதும் ஆடி மாதக் கடைசியில், அந்த சீசனின் நட்டநடுவில். கொடிக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது.

ஏன் வருடம் முழுவதும் பறக்கவிட வேண்டும் என்று கேட்பீர்கள். அப்பா ராணுவத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். 2022 ஜூலையில் கொடிச் சட்டத்தைத் திருத்தி, பொதுமக்கள் வீட்டில் இரவும் பகலும் கொடி பறக்கலாம் என்று அரசு அறிவித்த செய்தியைப் படித்ததும், "நம்ம வீட்லயும் ஒரு கம்பம் போட்ருவோம்டே" என்றார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: "கிழிஞ்ச கொடி ஒரு நிமிஷம் கூட மேல இருக்கக்கூடாது." அது அவருடைய ஆசை மட்டுமல்ல, சட்டத்திலேயே இருக்கிறது. கிழிந்த, கசங்கிய கொடியை ஏற்றக்கூடாது. கொடிக்குச் சேதம் வரும் விதத்தில் அதைக் கட்டவும் கூடாது. இந்த இரண்டாவது விதியை நிறையப் பேர் கவனிப்பதில்லை. கிழிந்த பிறகு இறக்கினால் மட்டும் போதாது, கிழியாதபடி ஏற்றுவதும் நம் பொறுப்பு.

முதல் கொடி சாட்டின் துணி. பளபளவென்று அழகாக இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பி.வி.சி. பைப்பை நட்டு, அதில் ஏற்றினோம். நாலாம் நாள் பைப் வளைந்து, கொடி தொட்டியின் பூசாத செங்கல் ஓரத்தில் உரசி, பச்சைப் பட்டை குறுக்காகக் கிழிந்துவிட்டது. அப்பா எதுவும் பேசாமல் இறக்கி மடித்து உள்ளே கொண்டுபோனார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வெல்டிங் பட்டறையில் சொல்லி ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பில் 12 அடிக் கம்பம் செய்து, அடியில் பிளேட் வைத்து, நாலு ஆங்கர் போல்ட் போட்டு நிறுத்தினோம். கம்பம் உறுதியாகிவிட்டது. ஆனால் இரண்டாவது சாட்டின் கொடி ஒன்பது நாள்தான் தாங்கியது. சாட்டினில் ஒரு நூல் அறுந்தால் போதும், பக்கத்து நூல்களெல்லாம் உருவிக்கொண்டு வரும். வெளியில் பறக்கவிட அந்தத் துணி வேண்டவே வேண்டாம், மேடை அலங்காரத்துக்குச் சரி.

மூன்றாவது கதர்க் கொடி. கையில் எடுக்கும்போதே ஒரு மரியாதை வரும், அப்படி ஒரு துணி. 2021 டிசம்பர் திருத்தத்துக்கு முன்னால் கைநூற்பு, கைநெசவுத் துணியில்தான் கொடி செய்யலாம். அதன்பிறகுதான் பாலியஸ்டருக்கும் இயந்திரத் தயாரிப்புக்கும் அனுமதி வந்தது. கதர் எங்கள் வீட்டில் காற்றில் கிழியவில்லை. ஐப்பசி மழைதான் அதைக் கெடுத்தது. தண்ணீரை உறிஞ்சிக் கனத்துத் தொங்கியது. ஒரு வாரம் வெயில் வராமல் போனதில் வெள்ளைப் பட்டையில் கறுப்பாகப் பூசணப் புள்ளிகள் விழுந்தன. கதரைச் சுதந்திர தினம், குடியரசு தினம் போன்ற நாட்களில் காலையில் ஏற்றி மாலையில் இறக்குங்கள். அதற்கு இணை எதுவும் இல்லை. தினமும் பறக்கவிடுவது அந்தத் துணிக்கு நாம் செய்யும் கொடுமை.

நாலாவதிலிருந்து எல்லாமே பின்னல் பாலியஸ்டர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் விளையாட்டு ஜெர்சி மாதிரி பொடிப் பொடித் துளைகள் தெரியும். காற்று கொஞ்சம் ஊடுருவிப் போகும், நனைந்தாலும் அரை மணியில் காய்ந்துவிடும். அளவு 900-க்கு 600 மில்லிமீட்டர், சட்டத்தில் சொன்ன அளவுகளில் ஒன்று. நான் வாங்கியது 350 ரூபாய் வாக்கில். ஆன்லைனில் ஒருமுறை வாங்கியதில் சக்கரம் ஒரு பக்கம்தான் அச்சாகியிருந்தது, நீளமும் 3-க்கு 2 என்ற கணக்கில் இல்லை. திருப்பி அனுப்பிவிட்டேன். வாங்கும்போது இரண்டு பக்கமும் பாருங்கள், டேப்பை வைத்து அளந்தும் பாருங்கள்.

நாலாவது கொடி 2023 ஜனவரியில் ஏறி மே கடைசி வரை தாங்கியது. துணியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் சீசன் தொடங்கியது. ஐந்தாவது கொடி 19 நாள், ஆறாவது 16 நாள், ஏழாவது 22 நாள். எல்லாம் அதே கடை, அதே துணி.

அந்த ஏழாவது கொடி பறந்துகொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் உட்கார்ந்து அதையே ஒரு மணி நேரம் பார்த்தேன். கொடி ஒரே சீராகப் பறக்கவில்லை. இரண்டு நொடி மேற்குக்காற்றில் நீட்டிப் பறக்கும், சட்டென்று தளர்ந்து கம்பத்தோடு ஒட்டும், அடுத்த நொடி கீழேயிருந்து மேலே தூக்கி எறிந்த மாதிரி விரியும். விரியும்போதெல்லாம் கடைசி முனை சாட்டை மாதிரி 'டப்'பென்று அடித்தது. பச்சைப் பட்டையின் கீழ்மூலையில் தையல் விட்டு, நாலைந்து நூல் ஏற்கெனவே வெளியே ஆடிக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேலையில் இதைத் தினமும் பார்க்கிறேன். ஒரு காற்றாடிக்கு நேர் பின்னால் இன்னொரு காற்றாடியை நெருக்கி நட மாட்டார்கள். முன்னால் நிற்பது காற்றைக் கலக்கிவிடும், அந்தக் கலங்கிய காற்றில் பின்னால் நிற்பதன் இறக்கைகள் சீக்கிரம் தேயும். அதனால் றெக்கை வட்டத்தின் விட்டத்தைப் போலப் பல மடங்கு இடைவெளி விடுவார்கள். நான் என்ன செய்திருக்கிறேன்? கம்பத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே, ஆறடி தள்ளி நட்டு வைத்திருக்கிறேன். மேற்கிலிருந்து வரும் காற்று தொட்டியில் மோதி, சுழன்று, சுருண்டு கொடிமேல் வந்து விழுகிறது. கொடியைக் கிழித்தது காற்றின் வேகத்தைவிட அதன் கலக்கம்தான்.

வேகத்துக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஆனால் எங்கள் ஊரில் வேகத்தை நான் குறைக்க முடியாது. கலக்கத்தைக் குறைக்க முடியும்.

2023 செப்டம்பரில் கம்பத்தைப் பிடுங்கி, மாடியின் மேற்கு ஓரத்தில், கைப்பிடிச் சுவரோடு சேர்த்து இரண்டு கிளாம்ப் போட்டு நிறுத்தினோம். கொடியின் அடி ஓரம் கைப்பிடிச் சுவருக்கு ஐந்து அடிக்கு மேல் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம், ஏனென்றால் சுவரில் மோதி மேலே ஏறும் காற்றும் சுழலும். செலவு வெல்டிங் கூலியோடு 1,800 ரூபாய். இந்த மூன்று வருடத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கொடி அடங்கி, நீட்டி, அலை அலையாகப் பறக்க ஆரம்பித்தது. அந்த 'டப் டப்' சத்தம் நின்றேவிட்டது. வடகிழக்குப் பருவக்காற்று வரும்போது தொட்டி மறுபடியும் காற்றுக்கு முன்னால் வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காற்றுக்கு எங்கள் பக்கம் அவ்வளவு பலம் கிடையாது.

அடுத்தது தையல். தோவாளைப் பக்கம் ஒரு தையல்கார அண்ணாச்சியிடம் புதுக் கொடியைக் கொண்டுபோனேன். பறக்கும் முனையில் ஓரத்தை மடித்து ஒரே ஒரு வரிசைத் தையல்தான் போட்டிருந்தார்கள். அண்ணாச்சி விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, "இது பருத்தி நூலுல்லா, வெயில்ல ஒரு மாசம் கெடந்தா கையால பிச்சிரலாம்" என்றார். அதே மடிப்பின் மேல் பாலியஸ்டர் நூலில் இன்னும் மூன்று வரிசை அடித்தார். இரண்டு மூலைகளிலும் குறுக்காக ஒரு தையல், தொடக்கத்திலும் முடிவிலும் முன்னும் பின்னும் ஓட்டி லாக். நான் இன்னும் நெருக்கமாகத் தைக்கச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஊசித் துளைகள் நெருங்கினால் தபால்தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியுமாம். காவிக்குக் காவி நூல், வெள்ளைக்கு வெள்ளை, பச்சைக்குப் பச்சை என்று மாற்றி மாற்றி அடித்துக் கொடுத்தார். கூலி 60 ரூபாய். "கொடிக்குக் காசு வேண்டாம்" என்றார், நான்தான் வற்புறுத்திக் கொடுத்தேன்.

வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில், நைந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி மடித்துத் தைத்தால் கொடியின் ஆயுள் கூடும் என்று இருக்கும். நம் கொடிக்கு அது ஆகாது. 90 சென்டிமீட்டரில் ஐந்தை வெட்டினால் 85-க்கு 60 ஆகிவிடும், 3-க்கு 2 போய்விடும். அதனால் கிழிந்த பிறகு வைத்தியம் என்ற பேச்சே கிடையாது. ஏற்றுவதற்கு முன்னாலேயே தைத்துவிட வேண்டும்.

கயிறு விஷயம் சுருக்கமாக. குளச்சலில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் வாங்கிய கயிறு இரண்டு வருடமாக உழைக்கிறது. கட்டிட வேலைக்கு விற்கும் மஞ்சள் கயிறு வெயிலில் ஆறே மாதத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கொடியைக் கயிற்றோடு நேராக முடிச்சுப் போடாமல் சுழலும் பித்தளைக் கொக்கியில் மாட்டினால் முறுக்கிக்கொள்ளாது. கீழ்க் கொக்கி இறுக்கமாக இருக்க வேண்டும். கம்பத்துப் பக்கம் தொய்வு இருந்தால் கொடி முழுவதும் தொளதொளவென்று அடித்துக்கொள்ளும், அந்த அடியெல்லாம் கடைசியில் முனைக்குத்தான் போகும். கப்பியில் துரு இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

இவ்வளவு செய்தும் எட்டாவது கொடியைக் காற்று கொண்டுபோகவில்லை, வெயில் கொண்டுபோனது. 2024 ஏப்ரலில் ஒரு கிழிசல்கூட இல்லை, ஆனால் காவி வெளுத்து மஞ்சளாகிவிட்டது. அப்பா புதுக் கொடியைப் பக்கத்தில் விரித்து வைத்துக் காட்டினார். அதற்குமேல் அதை ஏற்ற மனம் வரவில்லை.

அதிலிருந்துதான் சோடிக் கொடி முறைக்கு வந்தோம். இரண்டு கொடி, வாரம் ஒன்றாக மாறி மாறி. இறங்கிய கொடியைச் சாதாரணத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மடித்து வைப்போம். தூசி துணியில் தங்கினால் அதுவே நூலை அறுக்கும். காற்று சீசனில் இரவு கொடியை இறக்கிவிடுகிறோம். இரவும் பகலும் பறக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, பறந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. பொழுது சாய்ந்ததும் அப்பா மேலே போய் இறக்குவார். காலையில் நான் ஏற்றுவேன். இறக்கும்போது பறக்கும் முனையை விரலால் தடவிப் பார்ப்பது அவருடைய பழக்கம். ஒரு நூல் எழுந்திருந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார். 2024 சீசன் முழுவதையும் ஒன்பதும் பத்தும் சேர்ந்தே கடந்தன. அவற்றை 2025 பொங்கலுக்குப் பிறகு, நிறம் வெளுத்ததால் மாற்றினோம். 11, 12 இரண்டும் இந்த வருடச் சீசனைப் பார்த்துவிட்டன.

அட்டாரி எல்லையில் 2017-இல் 360 அடிக் கம்பத்தில் ஏற்றிய பெரிய கொடி காற்றில் திரும்பத் திரும்பக் கிழிந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். உயரம் கூடக்கூடக் காற்றும் கூடும், துணியின் பரப்பும் கூடும். வீட்டுக்கு 12 அடிக் கம்பமும் மூன்றடிக் கொடியும் தாராளம். அண்டைவீட்டுக்காரர் பெரிய கொடியாக வாங்கலாமா என்று கேட்டபோது வேண்டாம் அண்ணே, முதலில் உங்கள் தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள் என்றேன்.

ஓய்வு பெற்ற கொடிகளைப் பற்றியும் கேட்பார்கள். தனிமையில், முழுக்கொடியாக, மரியாதையோடு, முடிந்தால் எரித்து அழிக்க வேண்டும் என்பது விதி. கதர்க் கொடியை அப்படித்தான் பின்கட்டில் விடியற்காலையில் எரித்தோம், அப்பா விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். பாலியஸ்டர் உருகிப் புகையும், அதை எரிக்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. ஒன்பது கொடிகளும் துவைத்து மடித்து, வெள்ளைத் துணியில் சுற்றி, அவருடைய ராணுவ டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஏற்றிய தேதியும் இறக்கிய தேதியும் எழுதிய சீட்டு. முதல் சீட்டில் நாலு நாள்தான் இருக்கிறது.