மலையிறங்கும் பழைய காருக்கு எந்த பிரேக் லைட் சுவிட்ச்?

குன்னூர்–மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பர்லியாறு அருகே மூடுபனியில் இறங்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த லாரி ஓட்டுநர் எங்கள் காருக்குப் பக்கத்தில் நிறுத்தி, "தம்பி, நீங்கள் பிரேக் பிடிப்பதே தெரியவில்லை" என்றார். வீட்டுக்கு வந்து பெடலை ஓங்கி மிதித்தால் இரண்டு விளக்குகளும் பளிச்சென்று எரிந்தன.

எங்கள் காரில் இருந்தது, பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் வேலை செய்யும் ஹைட்ராலிக் சுவிட்ச். மாருதி 800 போன்ற கார்களில் இருப்பதோ பெடல் அசைந்ததும் இணைப்புத் தரும் சுவிட்ச். பழுதானதற்குப் பதிலாக எதைப் போடுவது என்ற கேள்வி அப்படித்தான் வந்தது.

முதலில் கோளாறு சுவிட்சில்தானா என்று பார்த்துவிட வேண்டும். சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் கழற்றி, சாவியைத் திருப்பி, அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தால் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் ஃபியூஸ், பல்பு, எர்த் (காரின் உடலோடு சேரும் இணைப்பு) பக்கம் போங்கள். ஊட்டி ஈரத்தில் பல்பு ஹோல்டர் பச்சை பூத்திருக்கவும் கூடும்.

ஹைட்ராலிக் சுவிட்சை முடுக்கினால் போதும், அளவு வைக்கும் வேலை இல்லை. ஆனால் 21 வாட் பல்புகள் இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய மூன்றரை ஆம்பியர் மின்சாரம் அதன் வழியே போகிறது. நாளாவட்டத்தில் உள்ளே தொடுமுனைகள் கருகுகின்றன. பிறகு அழுத்தி மிதித்தால்தான் விளக்கு வரும். மலையில் நாம் அப்படியா மிதிக்கிறோம்? இரண்டாம் கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ள, கொண்டை ஊசி வளைவுக்கு முன் பெடலைத் தொட்டுத் தொட்டு விடுகிறோம். அந்தத் தொடுதல் பின்னால் வருபவருக்குத் தெரியாமலே போகிறது. இந்தச் சுவிட்சை மாற்றினால் ஆயில் போகும் பிரேக் லைனைத் திறக்க வேண்டும், பிறகு உள்ளே புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். ஒயர் மாட்டும் இடத்தில் ஆயில் ஈரம் கண்டால் அது விளக்குப் பிரச்சினையே அல்ல, பிரேக் பிரச்சினை. அன்றே மாற்றிவிடுங்கள்.

பெடல் சுவிட்ச் லேசாகத் தொட்டாலே விளக்கைக் கொடுக்கும். ஆயிலைத் தொட வேண்டியதும் இல்லை. ஆனால் அதன் உயிர், சுவிட்சை வைத்த இடத்தில் இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டில் இருக்கிறது. பெடலை ஒட்டி முடுக்கிவிட்டால் பெடல் முழுதாகத் திரும்பாது. பிரேக் உரசிக்கொண்டே இருக்கும், மேட்டுப்பாளையம் வருவதற்குள் சக்கரம் கொதிக்கும். தள்ளி வைத்தால் விளக்கு அணையவே அணையாது. பெடலில் சுவிட்ச் முட்டும் இடத்தில் சிறிய ரப்பர் இருந்தால் அதையும் பாருங்கள். கால்மிதியில் கறுப்புத் துகள்கள் கிடந்தால் அது பொடிந்துவிட்டது என்று அர்த்தம்.

சமவெளியில் ஓடும் காருக்குப் புது ஹைட்ராலிக் சுவிட்சே போதும். மலையிறங்கும் காருக்குப் பெடல் சுவிட்ச்தான் என்பேன், உடன் விளக்கின் மின்சாரத்தைச் சுவிட்சுக்குப் பதிலாகத் தாங்கிக்கொள்ளும் ஒரு ரிலேயும். எங்கள் பழைய சுவிட்ச் கசியவில்லை. அதனால் ஒயரை மட்டும் எடுத்துவிட்டு அதை அங்கேயே விட்டோம். குன்னூர்ப் பட்டறையில் சின்ன இரும்புப் பட்டை வளைத்து, புதியதைப் பெடலுக்கு மேல் பொருத்தினார்கள். அந்தி மங்கியதும் காரின் பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டி நிறுத்தி, பெடலைக் கட்டைவிரல் நுனியால் மட்டும் அழுத்தினேன். சுவர் சிவந்தது.